எந்தக் கீழ்ப்பாக்கம்

அண்ணனூரில் மின்சார ரயில் கார்ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஓலை வீட்டு வரிசையில் பட்டணத்தை யாரும் ஊராக நினைத்துப் பேசியதில்லை. வியாதியாகவும் வில்லங்கமாகவும்தான் பேசினார்கள். "எழும்பூர் போயிருக்கா" என்றால் பிரசவம். "தண்டையார்பேட்டைக்குத் தூக்கினு பூட்டாங்க" என்றால் காலரா; அந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். "சைதாப்பேட்டைக்கு அலையறான்" என்றால் கோர்ட்டுக் கேசு. கீழ்ப்பாக்கம் என்றால் பைத்தியம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. சண்டையில் "உன்னிய கீழ்ப்பாக்கத்துல சேக்க" என்று திட்டுவார்கள். குழந்தைகள்கூட ஒன்றையொன்று "போடா கீழ்ப்பாக்கம்" என்று கூப்பிட்டு விளையாடின.

பொன்னியம்மாவுக்கு இந்தப் பேர்களெல்லாம் தெரியும், இடங்கள் தெரியாது. எழும்பூரை மட்டும் ஒருமுறை பார்த்திருக்கிறாள். அதுவும் மகளைப் பெறப் போனபோது, வாடகைக் காரின் பின்சீட்டில் மல்லாந்து படுத்தபடி. விளக்குக் கம்பங்களின் தலைகளும் கொஞ்சம் மரக்கிளைகளும்தான் அவள் பார்த்த எழும்பூர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடைக்குப் போனால் கூட்டமெல்லாம் கலைந்து, கடைக்காரரே "உனக்கு இன்னாம்மா?" என்று கேட்கிறவரைக்கும் ஓரமாக நிற்பாள். யாரையும் வழி கேட்கமாட்டாள். வாய் பேசாததற்கெல்லாம் சேர்த்து அவள் கண்கள் வேலை செய்தன. சைக்கிளை மிதிக்கிற தினுசைப் பார்த்தே வேலைக்குப் போகிறவன் யார், வேலை போய்த் திரும்புகிறவன் யார் என்று சொல்லிவிடுவாள். தனக்குள்ளேதான்.

அவள் புருஷன் வேம்புலிக்கு இருந்தது வேறு பட்டணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அவனுக்கு வேலை. சூளையில் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டுகளை எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுக்கவேண்டும். எஸ்டேட்டுக்காரர்களுக்கு ஊரெல்லாம் கம்பெனிப் பேர். டன்லப்பில் ஏறி லூகாஸில் இறங்குவார்கள். அவர்களுக்கும் சில ஊர்ப் பேர்கள் வியாதிதான், ஆனால் அந்த வியாதிகள் வேறு. "அயனாவரம்" என்றால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி, விரல் நசுங்கினாலும் வயிறு போனாலும் அங்கேதான். இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் வேம்புலி வீட்டில் பேசுவான். ஒரே ஒரு ஊரின் பேரை மட்டும் அவன் வீட்டுக்குள் சொன்னதே இல்லை. அவளும் சொன்னதில்லை.

அதற்குக் காரணம் வேம்புலியின் அண்ணன் துலுக்கானம். அப்போது அவர்கள் அயப்பாக்கத்தில் இருந்தார்கள். எண்பத்தொன்றில் துலுக்கானம் திடீரென்று தூங்குவதை விட்டான். தனக்குத்தானே பேச ஆரம்பித்தான். ஒருநாள் தெருவில் போனவர்களையெல்லாம் கல்லால் அடித்தான். கயிற்றால் கட்டிக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் பேர் மாறிவிட்டது. "கீழ்ப்பாக்கம் ஊடு" என்றார்கள். வேம்புலி "கீழ்ப்பாக்கம் ஊட்டுத் தம்பி" ஆனான். பால்காரர் கணக்கு நோட்டில்கூட அப்படித்தான் எழுதியிருந்தார் என்பதைப் பொன்னியம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். கோபத்தில் எழுதியதில்லை. அடையாளத்துக்கு எழுதியது. அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து அண்ணன் செத்துப்போன சேதி வந்தபோது, காரியத்தை முடித்துவிட்டு, ஒரு மூட்டையும் இரண்டு வயசு மகளுமாக அண்ணனூருக்கு வந்துவிட்டார்கள். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

எண்பத்தாறாம் வருஷம் புரட்டாசியில் பட்டறையில் ஆள் குறைந்து, வேம்புலி இரண்டு ஷிப்ட்டு சேர்த்துப் பார்த்தான். வந்து படுத்தாலும் தூக்கம் பிடிக்கவில்லை. உட்கார்ந்து சுவரைப் பார்த்து உதட்டை அசைத்தான். பொன்னியம்மா நாள் எண்ணினாள். பதினோராவது நாள் காலையில், முகம் கழுவிய தண்ணீர் தாடையில் சொட்டச் சொட்ட அவனே பேச்சை எடுத்தான்.

"பொன்னி, எனுக்கும் அண்ணன் மாரி ஆயிடுச்சின்னா?"

"வாயக் கழுவு மாமா."

"கழுவிகினுதானே கீறேன்." சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. "இல்ல, கேளு. அண்ணன யாரும் போய்ப் பாக்கல. நான் ஒரே ஒருவாட்டி கேட்டாண்ட வரைக்கும் போனேன். எவனாவது பாத்துருவான்னு அப்பிடியே திரும்பிட்டேன். ரெண்டு வருசம் அது உள்ள ஒக்காந்துகினு யாருனா வருவாங்களான்னு பாத்திருக்கும் இல்ல?"

அவள் அவன் தாடையில் சொட்டிய தண்ணீரை முந்தானையால் ஒற்றினாள்.

"என்னிய இட்டுகினு போனா நீ வா. எவன் இன்னா சொன்னாலும் கண்டுக்காத. நேரா வந்துடு."

"வரேன்."

"கையில அடி."

ஈரக் கையில் அடித்துக் கொடுத்தாள்.

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பொன்னியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஜேசுராஜ் சைக்கிளில் வந்தான். பட்டறையில் வேம்புலிக்குப் பக்கத்து ஆள். வேம்புலியை "அண்ணாத்தே" என்றும் அவளை "அண்ணி" என்றும் கூப்பிடுவான். எப்போது வந்தாலும் வாசலில் இருந்தே "அண்ணி, டீ" என்று குரல் கொடுக்கிறவன். அன்று சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் அரிசிப் பானையைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணி, பயப்படாத. ஒண்ணும் இல்ல. அண்ணாத்தையக் கீழ்ப்பாக்கம் இட்டுகினு போயிருக்காங்க."

அரிசி களைந்த கை பானைக்குள்ளேயே நின்றது.

"சூப்ரவைசர் கோவிந்தராஜ் சாரும் கூடவே போயிருக்காரு. நீ இ.எஸ்.ஐ. அட்டைய எடுத்துகினு உடனே கெளம்பி வா. நான் கம்பெனிக்குப் போய் சைக்கிள உட்டுட்டு நேரா வந்துர்றேன். கேட்டாண்டயே நிக்கிறேன். சரியா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பார்வையை ஒளிக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருக்கிறது, நமக்காக வெட்கப்படுகிறான் என்று நினைத்தாள். வலது முழங்கைக்குக் கீழே அவன் கைமயிர் பொசுங்கிச் சுருண்டிருந்ததையும் பார்த்தாள். பட்டறைக்காரன் கை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு முனியம்மா வேலி ஓரமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால் ஜேசுராஜ் பதில் சொல்வான். அந்தப் பதில் வேலியைத் தாண்டும். அப்புறம் இந்த வீட்டுக்கும் பேர் மாறிவிடும்.

"வரேன், தம்பி" என்றாள். அவன் போய்விட்டான்.

"இன்னாடி, கம்பெனி ஆளு அர நிமிசத்துல வந்துட்டுப் போறான்?" என்றாள் முனியம்மா.

"ஒண்ணும் இல்லக்கா. வேப்பம்பட்டுல எங்கக்காவுக்கு ஒடம்பு முடியலியாம். கம்பெனிக்கு ஆள் வந்து சொன்னாங்களாம். போய்ட்டு வந்துர்றேன். பாப்பா வந்தா கொஞ்சம் பாத்துக்கோ."

"அவளுக்கு இன்னா வந்துது? போன மாசம் கல்லு மாரி இருந்தாளே."

"தெர்லக்கா."

அவ்வளவு நீளமாகப் பொன்னியம்மா ஒரு பொய்யை அதற்கு முன் சொன்னதில்லை. ஸ்டேஷனில் வேப்பம்பட்டு போகிற பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று. யாரும் இல்லை என்றானதும் பாலத்தில் ஏறி இந்தப் பக்கம் வந்து பட்டணத்து வண்டியைப் பிடித்தாள். இந்த நடிப்பில் அதற்கு முந்தின வண்டியைத் தவறவிட்டிருந்தாள்.

வில்லிவாக்கத்தில் இறங்கினாள். அங்கிருந்து பஸ் என்பது துலுக்கானத்தை அனுப்பிய நாளில் காதில் விழுந்த பேச்சிலிருந்து நினைவிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களைவிட நின்றவர்கள் அதிகம். கண்டக்டர் விரலிடுக்கில் டிக்கெட்டுக் கட்டோடு வந்தார்.

"எங்கம்மா?"

"கீழ்ப்பாக்கம்."

"சத்தமா சொல்லும்மா."

"கீழ்ப்பாக்கம்."

"கீழ்ப்பாக்கத்துல எங்க? கார்டனா, தண்ணி டேங்கா, ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரி."

"எந்த ஆஸ்..." என்று கண்டக்டர் ஆரம்பிப்பதற்குள் கம்பியைப் பிடித்து நின்ற ஒருவன் குறுக்கே புகுந்தான். "அத்த வேற கேக்கணுமா மாமே? அக்காவுக்கா, அக்கா ஊட்டுக்காரருக்கான்னு மட்டும் கேளு. டிக்கெட்டு ஒரு வழியா, ரிட்டனா?"

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்துவிட்டு, "சொம்மா இரு நைனா" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இடம் வந்ததும் அவரே விசிலை ஊதி, "மெண்டல் ஆஸ்பத்திரி எறங்கு" என்று கத்தினார். அவ்வளவு பேர் காலையும் மிதித்துக்கொண்டு அவள் இறங்கினாள்.

கேட்டில் ஜேசுராஜ் இல்லை. இன்னும் வந்திருக்கமாட்டான் என்று நினைத்தாள். வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் இ.எஸ்.ஐ. அட்டையை நீட்டினாள். புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. சொல்லத் தேவைப்படாமல் அட்டை இருந்தது. அவர் நோட்டுப் புத்தகத்தைத் தடவிப் பார்த்தார்.

"வேம்புலி... இல்லியேம்மா. இன்னிக்கு அந்தப் பேருல யாரும் வரல."

அவள் நகரவில்லை.

"இப்பத்தான் கெளம்பினாங்களா? வந்தா இந்த வழியாத்தான் வரணும். அந்தாண்ட ஒக்காரு."

மதில் ஓரம் வேப்பமர நிழலில் பார்க்க வந்தவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். டாக்ஸி வந்தால் எழுந்து நிற்பாள். ஆட்டோ வந்தால் எழுந்து நிற்பாள். கைகளைக் கட்டியிருப்பார்களா, அண்ணனைப்போலத் துப்பிக்கொண்டு வருவானா என்று ஒவ்வொரு வண்டிக்குள்ளும் தேடினாள். உள்ளே எங்கிருந்தோ ஒருவர் ஒரே பாட்டின் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். இதைத்தான் இவன் இனிமேல் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறான் என்று நினைத்தாள். ஆனால் மனசின் ஒரு மூலையில் தெம்பாகவும் இருந்தது. கையில் அடித்துக் கொடுத்தபடி வந்துவிட்டோம். அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டோம். வண்டியிலிருந்து இறக்கும்போது முதலில் தன் முகத்தைத்தான் பார்ப்பான்.

பன்னிரண்டு அடித்தது. ஒரு மணி ஆனது. வழியில் தப்பி ஓடியிருப்பானோ என்று தோன்றியது. அதையும் யாரிடமும் கேட்கவில்லை. வாசலில் இருந்தவர் சாப்பிடப் போய்விட்டு வந்தார்.

பக்கத்தில் நீலச் சேலைக்காரி ஒருத்தி தூக்குவாளியைத் திறந்து தயிர்சோறு சாப்பிட ஆரம்பித்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை. பொன்னியம்மாவைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள்தான். மூடியில் ஒரு பிடி சோற்றை வைத்து நகர்த்தினாள்.

"துன்னு. பட்டினியா கெடந்தா மட்டும் உள்ள கீறவங்களுக்குத் தெளிஞ்சிடுமா? நான் ஆறு வருசமா வரேன். எம் பேரு செலின். ஊரு பாடி. எங்க அண்ணன் உள்ள கீது. உனுக்கு யாரு?"

"ஊட்டுக்காரரு."

"எத்தினி நாளா?"

"இன்னிக்குத்தான். இன்னும் வரல."

"இன்னும் வரலியா? அப்ப நீ இன்னாத்துக்கு முன்னாடி வந்து குந்திகினு கீற?"

பொன்னியம்மா சொல்லவேண்டியதாகிவிட்டது. இங்கே வெட்கப்பட என்ன இருக்கிறது, எல்லாரும் ஒரே மதிலுக்கு வெளியேதானே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தாளோ என்னவோ. "கம்பெனியில இருந்தே இட்டுகினு வந்துட்டாங்களாம். ஆள் வந்து சொன்னாரு. கீழ்ப்பாக்கம்னு."

செலின் வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கினாள். "கம்பெனின்னா? எஸ்டேட்டா?"

"ஆமா."

"இன்னா வேலை?"

"சூளைல. எண்ணெத் தொட்டில இரும்ப முக்குற வேலை."

"அய்யோ, என் ஏசுவே!" செலின் எழுந்தேவிட்டாள். சோறு மண்ணில் கொட்டியது. "பைத்தியக்காரி! எங்க ஊட்டுக்காரரும் எஸ்டேட்டுதான். எஸ்டேட்டு ஆளுங்க கீழ்ப்பாக்கம்னு சொன்னா இது இல்லடி! அவுங்களுக்குக் கீழ்ப்பாக்கம்னா தீப்புண்ணு. அது அந்தாண்ட, பூந்தமல்லி ஐரோட்டு மேல கீற பெரிய ஆஸ்பத்திரி. நெருப்புல வெந்தா அங்கதான் தூக்கினு போவாங்க. மணி இன்னா ஆவுது? எப்ப சொன்னான் உங்கிட்ட?"

பொசுங்கிச் சுருண்ட கைமயிர் பொன்னியம்மாவின் கண்முன் வந்து நின்றது. காலையில் பார்த்தது. பார்த்தும் விட்டது.

செலின் கையை நீட்டி வழி சொன்னாள். "இந்த ரோட்டப் புடிச்சி நேரா போ, யாரையும் கேளு, வாயத் தொறந்து கேளு!" என்று பின்னாலிருந்து கத்தினாள். பொன்னியம்மா ஓடினாள். செருப்பு ஒன்று அறுந்தது, இன்னொன்றையும் உதறினாள். பிறந்ததிலிருந்து யாரையும் வழி கேட்காதவள் அன்று எதிரில் வந்த அத்தனை பேரையும் கேட்டாள். "கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி எங்க? ஆஸ்பத்திரி எங்க?" சேலை குலைந்து, தலை அவிழ்ந்து, வெறுங்காலோடு ஓடிவந்து கேட்கிறவளைப் பார்த்து, மூன்று பேர் அவள் ஓடிவந்த பக்கமே கையைக் காட்டினார்கள். அதில் ஒருவர் நல்ல மனுஷர். "அங்கேர்ந்துதானேம்மா வர்ற, திரும்பிப் போம்மா, தேடுவாங்க" என்று கையைப் பிடித்து நிறுத்தவும் பார்த்தார். அவர் கையைத் தட்டிவிட்டு, "தீப்புண்ணு! தீப்புண்ணு!" என்று அலறினாள். அப்புறம்தான் ஒரு ரிக்‌ஷாக்காரர், "ஏறும்மா, நான் உடறேன்" என்றார்.

அங்கேயும் கேட்டில் ஜேசுராஜ் இல்லை. உள்ளே தாழ்வாரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், "பேரு சொல்லும்மா, பேரு" என்றார். அட்டையை எங்கோ வழியில் விட்டிருந்தாள்.

"வேம்புலி" என்றாள். கல்யாணம் ஆகி எட்டு வருஷத்தில் முதல் தடவை. சத்தமாகவே வந்தது.

வார்டு வாசலில் கோவிந்தராஜ் சார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். அவர் சட்டையெல்லாம் கரி. "எங்கம்மா போயிருந்தே? பத்தரை மணியிலேர்ந்து அவன் உன்னத்தான் கேட்டுகினு இருந்தான். ஒரு மணிக்குமேல பேச்சு நின்னு போச்சு." அவர் திட்டத்தான் நினைத்தார், ஆனால் கதவைத் திறந்து வழி விட்டார்.

கட்டிலுக்கு மேலே கொசுவலை மாதிரி ஒன்று கட்டியிருந்தது. உள்ளே இருந்தவனுக்கு முகம் என்று காட்ட எதுவும் வெளியே இல்லை. கண்ணையும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். இடது பாதம் மட்டும் தப்பியிருந்தது. சுண்டுவிரல் கொஞ்சம் கோணி, பக்கத்து விரல்மேல் ஏறியிருக்கும் பாதம். அதைப் பார்த்துத்தான் அவன் என்று தெரிந்துகொண்டாள். அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன் மாமா, வந்துட்டேன்" என்றாள். எத்தனை தடவை சொன்னாள் என்று தெரியாது. "காது கேக்குமா சிஸ்டர்?" என்று நர்சைக் கேட்டாள். அந்தப் பெண் சின்னப் பெண். "பேசுங்க, பேசினா நல்லதுதான்" என்றாள். அது கேள்விக்குப் பதில் இல்லை என்பது பொன்னியம்மாவுக்குத் தெரிந்தது.

பொழுது சாய்வதற்குள் வேம்புலி போய்விட்டான். பாதம் கையிலிருக்கும்போதே சூடு குறைந்தது.

ஜேசுராஜ் அதற்குப் பிறகுதான் வந்தான், வேர்த்து விறுவிறுத்து. தாழ்வாரத்தில் அவளைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான்.

"அண்ணி, நீ எங்க போன? பன்னெண்டு மணி வரைக்கும் கேட்டாண்டயே நின்னேன். அண்ணாத்தே சொல்லிச்சு, 'அவ வழி கேக்கமாட்டாடா, எங்கனா நின்னுகினு இருப்பா, நீ போய் இட்டாந்துடு'ன்னு. அண்ணனூருக்கு ஓடினேன். பக்கத்தூட்டு அக்கா சொன்னாங்க, நீ வேப்பம்பட்டு போய்ட்டியாம், உங்கக்காவுக்கு ஒடம்பு சரியில்லன்னு. எனுக்கு ஒண்ணும் புரியல. வேப்பம்பட்டுல எறங்கி ஊடு ஊடா விசாரிச்சு உங்கக்காவக் கண்டுபுடிச்சா, அவுங்க நாத்து நட்டுகினு கீறாங்க. கல்லு மாரி கீறாங்க."

பொன்னியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் நெருப்புன்னு சொல்லியிருக்கணும் அண்ணி. சொன்னா நீ அங்கியே உழுந்துருவியோன்னு... அதான் கீழ்ப்பாக்கம்னா உனுக்கே தெரியும்னு..." அவன் தலையில் அடித்துக்கொண்டான். "எனுக்கு அது ஒண்ணுதான் கீழ்ப்பாக்கம்."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டினால் தன் பொய்யையும் சேர்த்துத் திட்டவேண்டும். அவன் அவள்மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தையை மறைத்தான். அவள் வெட்கப்பட்டு ஒரு கேள்வியை விழுங்கினாள். நடுவில் அந்த ஆள் இரண்டரை மணி நேரம், கண் தெரியாமல், வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். அண்ணன் உள்ளே உட்கார்ந்துகொண்டு யாராவது வருவார்களா என்று பார்த்திருக்கும் என்றானே, அந்தப் பேச்சு நினைவுக்கு வந்ததும்தான் அவள் வாய்விட்டு அழுதாள். அது அழுகை மாதிரியே இல்லை என்று கோவிந்தராஜ் சார் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார்.

வேம்புலியின் இடத்துக்கு என்று கம்பெனியில் அவளுக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை கொடுத்தார்கள். அதே பட்டறை. தொட்டியைச் சுற்றிக் கூட்டும்போது அவள் அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள். முனியம்மா உட்பட எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாள், துலுக்கானத்தின் கதையையும் சேர்த்து. யாரும் வீட்டுக்குப் பேர் வைக்கவில்லை. "அய்யோ பாவம்" என்றார்கள், தக்காளி கொடுத்தார்கள். இவ்வளவுதானா என்று அவளுக்கு வந்த ஆத்திரத்தை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. இதற்காகவா பொய் சொன்னோம். வருஷங்கள் போயின. மகள் வயதுக்கு வந்தாள். செலினைப் பார்க்கவேண்டும் என்று ஒருமுறை அந்த மதிலுக்குக் கிளம்பினாள். பஸ் நின்றதும் இறங்க முடியாமல் அடுத்த நிறுத்தம்வரை போய்த் திரும்பிவிட்டாள்.

தொண்ணூற்று நாலில், ஒரு திங்கட்கிழமை, மறுபடியும் தொட்டி பற்றிக்கொண்டது. தங்கவேல் என்ற ஆளுக்கு மார்பும் இரண்டு கையும் வெந்துபோயின. போர்வையைச் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான். வீடு கரையான்சாவடியில். கோவிந்தராஜ் சாருக்கு இப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. "யாராவது ஒருத்தர் ஊட்டுக்குப் போய்ச் சொல்லுங்கப்பா" என்றார். எல்லார் கண்ணும் ஜேசுராஜ் பக்கம் போயிற்று. அவன் தரையைப் பார்த்தான்.

பொன்னியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நான் போறேன் சார். ஆட்டோவுக்குச் சொல்லுங்க."

கரையான்சாவடியில் ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு இறங்கினாள். தங்கவேலின் பெண்சாதி ராஜம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீடுகளில் நாலைந்து பேர் நின்றார்கள். பொன்னியம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

"ராஜம்மா, நான் கம்பெனியிலேர்ந்து வரேன். உன் ஊட்டுக்காரரு நெருப்புல வெந்துட்டாரு. மாருலயும் கையிலயும். உசுரு கீது. பேசினு கீறாரு. தீப்புண்ணு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்காங்க. எழுந்துரு, போலாம்."

ராஜம்மா கீரையை விட்டெறிந்துவிட்டு மார்பில் அறைந்துகொண்டாள். "அடிப்பாவி, இப்பிடியா சொல்லுவ? நாக்குல நரம்பு இல்ல உனக்கு? கொஞ்சம் மெல்ல சொல்லக் கூடாதா?"

"மெல்ல சொன்னா நேரமாவும்" என்று சொல்லி, பொன்னியம்மா அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நடத்திக்கொண்டு வந்து ஆட்டோவில் தள்ளினாள்.

ஆட்டோக்காரன் சின்ன வயசுக்காரன். வண்டியைக் கிளப்பிவிட்டு, "அடுத்து எங்கக்கா?" என்றான்.

"கீழ்ப்பாக்கம்."

அவன் மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்தான். அவிழ்ந்த தலையோடு அலறிக்கொண்டிருந்த ராஜம்மாவைப் பார்த்தான். அவளை இறுக்கிப் பிடித்திருந்த பொன்னியம்மாவைப் பார்த்தான். வாயோரத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ் முழுக்கப் பார்த்த சிரிப்பு. எந்தக் கீழ்ப்பாக்கம் என்று அவன் கேட்கவில்லை.

பொன்னியம்மா முன்னால் குனிந்து அவன் தோளில் கைவைத்தாள்.

"சிரிக்காத நைனா. பைத்தியக்கார ஆஸ்பத்திரி இல்ல. இதே ரோட்டுலதான், நேரா, பூந்தமல்லி ஐரோட்டு மேலயே கீது பெரிய ஆஸ்பத்திரி. தீப்புண்ணு வார்டு. இவுங்க ஊட்டுக்காரரு இன்னும் பேசிகினு கீறாரு. ஓட்டு."